நிலநடுக்கக் காப்பீட்டுக் கட்டணத்தை எப்போது மாற்றுகிறார்கள்? ஜப்பானில் 2011-க்குப் பின் நடந்தது

ஜப்பானில் வீட்டுக்கு நிலநடுக்கக் காப்பீடு எடுத்து வைத்திருப்பவர்களிடம், கட்டணத்தை எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள் என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு பதில் வரும். வருஷா வருஷம் என்பார் ஒருவர். பெரிய நிலநடுக்கம் ஏதாவது வந்தால்தான் என்பார் இன்னொருவர். பாலிசி புதுப்பிக்கும்போது, அதாவது ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை என்பார் மூன்றாமவர். மூன்று பதிலிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, எதுவும் முழு உண்மை இல்லை. சரிபார்ப்பது வருஷா வருஷம் நடக்கிறது. மாற்றுவது, அடியில் இருக்கும் அறிவியல் கணக்கு மாறும்போது நடக்கிறது. நம் கையில் பில்லாக வந்து சேருவது நம் பாலிசி எந்த மாதம் முடிகிறது என்பதைப் பொறுத்தது. இந்த மூன்று கடிகாரமும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் ஓடுவதால்தான் மக்களுக்குக் குழப்பம், சில சமயம் கோபமும்.

2011 மார்ச் 11 நிலநடுக்கத்திலிருந்து 2022 அக்டோபர் கட்டண மாற்றம் வரைக்குமான காலத்தை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகத் தெரியும். பதினோரு வருஷத்தில் ஐந்து முறை கட்டணம் மாறியது. அந்த ஐந்தில் முதல் மாற்றத்துக்கு முந்தைய ஏறக்குறைய ஏழு வருஷத்தில், 2007 அக்டோபரிலிருந்து 2014 ஜூன் வரை, டோக்கியோ கான்கிரீட் வீட்டுக்கான கட்டணம் அசையவே இல்லை.

கட்டணம் போடுவது கம்பெனி இல்லை

முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் "எந்தக் கம்பெனியில் எடுத்தால் மலிவு?" என்று கேட்பவர்கள் இன்னும் நிறைய இருக்கிறார்கள். ஜப்பானில் வீடுகளுக்கான நிலநடுக்கக் காப்பீடு எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் ஒரே விலைதான். 1964 ஜூன் 16-ல் நீகாத்தாவில் 7.5 அளவில் நிலநடுக்கம் வந்தது. மண் குழம்பி அடுக்குமாடிக் கட்டடங்கள் அப்படியே சாய்ந்தன, எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை நாள்கணக்கில் எரிந்தது. தீக் காப்பீடு வைத்திருந்தவர்களுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை, ஏனென்றால் நிலநடுக்கத்தால் வரும் சேதத்தைத் தீக் காப்பீடு தொடாது. அப்போது நிதி அமைச்சராக இருந்தவர் தனாகா ககுவே, அவருடைய சொந்த ஊரே நீகாத்தா பக்கம்தான். இரண்டு வருஷத்தில் சட்டம் வந்தது, 1966 ஜூனில் காப்பீடு விற்பனைக்கு வந்தது.

அந்தச் சட்டத்தின் அடிப்படை மிக எளிமையானது. வரவும் செலவும் நீண்ட காலத்தில் சமன்படும் அளவுக்கு, ஆனால் எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைவாகக் கட்டணம் இருக்க வேண்டும். கம்பெனிக்கு இதில் லாபம் கிடையாது. வாங்கும் பிரீமியத்தில் நிர்வாகச் செலவு, ஏஜென்ட் கமிஷன் போக மீதி முழுவதும் வருங்கால இழப்பீட்டுக்கான கையிருப்பாகப் போகிறது. கம்பெனிகள் எடுக்கும் பொறுப்பு அத்தனையும் ஜப்பான் நிலநடுக்க மறுகாப்பீட்டு நிறுவனத்துக்கு மாறி, அங்கிருந்து பெரும்பகுதி அரசாங்கத்தின் தலையில் ஏறுகிறது. ஒரே நிலநடுக்கத்துக்கு மொத்தமாக 12 லட்சம் கோடி யென் வரை கொடுக்க 2021-லிருந்து ஏற்பாடு இருக்கிறது, அதில் பெரும்பங்கு அரசுப் பணம்.

கட்டண விகிதத்தைக் கணக்கிடுவது பொதுக் காப்பீட்டுக் கட்டணக் கணிப்பு அமைப்பு என்ற தனி அமைப்பு. 2002-ல் இரண்டு பழைய அமைப்புகளை இணைத்து உருவானது. அவர்கள் கணக்குப் போட்டு நிதிச் சேவைகள் முகமையிடம் தாக்கல் செய்வார்கள், முகமை சரிபார்க்கும், அப்புறம் எல்லாக் கம்பெனிகளும் அதையே பயன்படுத்தும். வருஷத்துக்கு ஒருமுறை, இப்போதுள்ள கட்டணம் சரியான அளவில் இருக்கிறதா என்று அந்த அமைப்பு சோதித்து முகமைக்கு அறிக்கை தர வேண்டும், இது சட்டப்படியான கடமை. சரியில்லை என்று தெரிந்தால் மாற்றித் தாக்கல் செய்ய வேண்டும், சரியாக இருந்தால் அப்படியே விடலாம். "வருஷா வருஷம் பார்க்கிறார்கள்" என்பது இதைத்தான்.

வருஷா வருஷம் பார்த்தும் ஏன் மாறுவதில்லை

கார் காப்பீட்டில் போன வருஷம் எத்தனை விபத்து, எவ்வளவு கிளெய்ம் என்று பார்த்தால் அடுத்த வருஷத்தை ஓரளவு சொல்லிவிடலாம். நிலநடுக்கத்தில் அது நடக்காது. ஐந்து வருஷம் ஒன்றுமே இல்லாமல் போகும், ஆறாம் வருஷம் ஒரே மதியத்தில் அத்தனை வருஷப் பணமும் போகும். ஆகவே கடந்த வருஷக் கிளெய்ம் கணக்கை வைத்து யாரும் விகிதம் போடுவதில்லை.

அதற்குப் பதில் அவர்கள் கையில் எடுப்பது வரைபடம். 1995 கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு அரசு ஏற்படுத்திய நிலநடுக்க ஆய்வு மேம்பாட்டுத் தலைமையகம், நாட்டில் எங்கெங்கே எந்த அளவு நிலநடுக்கம் எவ்வளவு நிகழ்தகவோடு வரலாம் என்ற தேசிய வரைபடத்தை 2005-லிருந்து வெளியிடுகிறது. கட்டணக் கணிப்பாளர்கள் அந்த வரைபடத்துக்கு அடியில் இருக்கும் நிலநடுக்க மாதிரிகளை ஒவ்வொன்றாக எடுத்து, இன்றைக்குக் காப்பீடு செய்யப்பட்டிருக்கும் வீடுகளின் மேல் அந்த நடுக்கம் வந்தால் எத்தனை வீடு இடியும், எத்தனை எரியும், எத்தனையைச் சுனாமி அடித்துக்கொண்டு போகும் என்று கணினியில் ஓட்டிப் பார்க்கிறார்கள். ஒவ்வொன்றின் சேதத்தையும் அது நடக்கும் வாய்ப்போடு பெருக்கிக் கூட்டினால் வருஷச் சராசரி இழப்பு கிடைக்கும். அதுதான் பிரீமியத்தின் முதுகெலும்பு. 2007 மாற்றத்திலிருந்து இந்த வரைபட முறைதான். அதற்கு முன்னால் கடந்த சில நூற்றாண்டுகளில் பதிவான நிலநடுக்கங்களின் பட்டியலை வைத்துக் கணக்குப் போட்டார்கள்.

இதிலிருந்து ஒரு முடிவு தானாக வருகிறது, பலருக்கு இது புரியாமல்தான் சண்டை வருகிறது. ஒரு நிலநடுக்கத்தில் கம்பெனிகள் நிறையப் பணம் கொடுத்துவிட்டன என்பதற்காக மட்டும் கட்டணம் ஏறாது. அந்த நிலநடுக்கம் ஏற்கெனவே மாதிரியில் இருந்த ஒன்று என்றால், நடக்க வேண்டியது நடந்திருக்கிறது, அவ்வளவுதான். அது மாதிரியிலேயே இல்லாத ஒன்று என்றால் வரைபடத்தைத் திருத்த வேண்டும், திருத்தினால் கட்டணம் மாறும்.

2011: வரைபடத்தில் இல்லாத நிலநடுக்கம்

மார்ச் 11 நிலநடுக்கத்தின் அளவு 9.0. அப்போது நடைமுறையில் இருந்த வரைபடத்தில் அந்தக் கடலடித் தட்டு முழுவதும் ஒரே நேரத்தில் உடையும் என்ற நிலைமையே கணக்கில் இல்லை. காப்பீட்டு இழப்பீடாக மட்டும் சுமார் 1.28 லட்சம் கோடி யென் கொடுக்கப்பட்டது. கோபே நிலநடுக்கத்தில் கொடுத்தது சுமார் 7,830 கோடி யென்தான், அந்த மாகாணத்தில் அப்போது காப்பீடு வைத்திருந்த குடும்பங்கள் நூற்றுக்கு மூன்று அளவில் இருந்ததால். கையிருப்பு பெரிய அளவில் கரைந்தது. நிதி அமைச்சகம் 2012-ல் ஒரு குழுவை அமைத்துத் திட்டம் முழுவதையும் ஆராய்ந்தது.

இனி வரிசையைக் கவனியுங்கள். நிலநடுக்கம் 2011 மார்ச். வரைபடத்தைத் திருத்தும் ஆய்வின் முடிவு வெளியானது 2012 டிசம்பர். அதை வைத்துக் கட்டணக் கணிப்பு அமைப்பு புதிய விகிதத்தைத் தாக்கல் செய்தது 2013 மார்ச். மக்களுக்கு அது நடைமுறைக்கு வந்தது 2014 ஜூலை 1. மூன்று வருஷம் மூன்றரை மாதம். நாடு முழுவதற்கும் சராசரி ஏற்றம் 15.5%.

2014 ஜூலையில் பில் ஏறியதைப் பார்த்தவர்களில் பலர், "சுனாமிக்குக் கொடுத்த பணத்தை இப்போது எங்களிடம் வசூலிக்கிறார்கள்" என்று சொன்னார்கள். அந்த ஆத்திரம் எனக்குப் புரிகிறது, ஆனால் காரணம் அது இல்லை. கொடுத்த பணத்தைத் திரும்ப எடுப்பதற்காக என்றால் 2012-லேயே ஏற்றியிருப்பார்கள். புதிய வரைபடம் வருவதற்காகக் காத்திருந்தார்கள், வந்ததும் இனி வரப்போகும் நிலநடுக்கங்களுக்கான கணக்கு மாறியது, அதற்குத்தான் ஏற்றம். எந்த மாகாணத்திலும் ஏற்றம் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஒரு வரம்பும் வைத்தார்கள். கூடவே நல்ல செய்தியும் இருந்தது: நிலநடுக்கத் தாங்குதிறன் மூன்றாம் தரத்தில் (மூன்று தரங்களில் இதுதான் மிக உயர்ந்தது) உள்ள வீட்டுக்கும், அதிர்வைத் தனியாகப் பிரித்துவிடும் அடித்தளம் கொண்ட கட்டடத்துக்கும் 30% ஆக இருந்த தள்ளுபடியை 50% ஆக்கினார்கள். அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

மூன்று படியாக ஏற்றியது

2014-ல் கட்டணம் ஏறி ஆறே மாதத்தில் அடுத்த வரைபடம் வந்துவிட்டது. 2014 டிசம்பர் பதிப்பு முந்தையதைவிடப் பெரிய திருத்தம். ஜப்பானின் தென்மேற்குக் கடலடியில் உள்ள நன்காய் அகழியிலும் டோக்கியோவுக்கு அருகே சகாமி அகழியிலும் வரக்கூடிய நிலநடுக்கங்களை ஒரே வடிவத்தில் இல்லாமல் பல வடிவங்களில் வைத்துப் பார்த்தது. எந்தப் பிளவிலிருந்து வருகிறது என்று முன்கூட்டியே குறிக்க முடியாத நிலநடுக்கங்களுக்கும் அதிக இடம் கொடுத்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் சராசரியாக இன்னும் 19% ஏற்ற வேண்டும் என்று வந்தது.

இப்போதுதான் 15.5% ஏற்றியிருக்கிறார்கள், மறுபடி 19% என்றால் மக்கள் பாலிசியை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அது நிஜமான பயம், ஏனென்றால் இந்தக் காப்பீடு கட்டாயம் இல்லை, தீக் காப்பீட்டோடு சேர்த்துத்தான் எடுக்க முடியும், வேண்டாம் என்றால் விண்ணப்பத்தில் அதற்கென்று இருக்கும் கட்டத்தில் முத்திரை வைத்து விலகிவிடலாம். ஆகவே மூன்று படியாகப் பிரித்தார்கள். 2017 ஜனவரியில் 5.1%, 2019 ஜனவரியில் 3.8%, 2021 ஜனவரியில் 5.1%.

இந்த மூன்றையும் பெருக்கிப் பார்த்தால் 14.7% தான் வருகிறது, 19% இல்லை. ஒவ்வொரு படியிலும் பழைய கணக்கை அப்படியே கொண்டுபோகாமல் புதிய தரவுகளை வைத்து மறுபடி கணக்குப் போட்டார்கள், அதில் தேவை குறைந்தது. வருஷாந்தரச் சோதனை என்பது வெறும் சடங்கு இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. 2015-ல் சொன்ன 19 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருந்தால் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை.

படியாக ஏற்றியதில் எனக்கு ஒரே ஒரு உறுத்தல் உண்டு. ஆபத்து இவ்வளவு கூடியிருக்கிறது என்று 2014 டிசம்பரிலேயே தெரிந்தும், அதற்கான முழு விலையை மக்கள் கட்டத் தொடங்கியது 2021-ல். இடையில் ஆறு வருஷம் போதாத கட்டணம்தான் வசூலானது. அந்த ஆறு வருஷத்துக்குள் 2016 குமாமோதோ, 2018 ஒசாகா என்று இரண்டு பெரிய இழப்பீடுகள் போயின. ஆனாலும் அரசு மறுகாப்பீடு பின்னால் இருப்பதால் இப்படிச் செய்ய முடிந்தது, தனியார் கம்பெனி மட்டும் என்றால் இது நடக்காது. என் கணக்கில் படியாக ஏற்றியதே சரியான முடிவு. ஒரே அடியாக ஏற்றி, பாதிப் பேர் பாலிசி இல்லாமல் அடுத்த நிலநடுக்கத்தைச் சந்தித்தால் சரியான விலை என்று சொல்லி என்ன பயன்?

டோக்கியோவில் ஒரு கான்கிரீட் வீட்டின் கணக்கு

சராசரி என்பது எவ்வளவு ஏமாற்றும் என்று பார்க்க ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். டோக்கியோவில் கான்கிரீட் அடுக்குமாடி வீடு, ஒரு கோடி யென்னுக்கு நிலநடுக்கக் காப்பீடு, தள்ளுபடி எதுவும் இல்லை. ஒரு வருஷப் பிரீமியம் 2014 ஜூனில் 16,900 யென். ஜூலையில் 20,200. 2017-ல் 22,500. 2019-ல் 25,000. 2021-ல் 27,500. 2022 அக்டோபரில் மாற்றமில்லாமல் அதே 27,500.

நாட்டுச் சராசரியில் இந்த ஐந்து மாற்றங்களையும் சேர்த்தால் ஏற்றம் ஏறக்குறைய 31 அல்லது 32 சதவீதம். இந்த வீட்டுக்கு ஏறியது 63 சதவீதம். அதே டோக்கியோவில் மர வீடு என்றால் 31,300-லிருந்து 41,100, அதாவது 31%. விலையளவில் மர வீடுதான் இன்னமும் அதிகம் கட்டுகிறது, ஆனால் ஏற்றத்தின் சுமை கான்கிரீட் வீட்டுக்காரர் மேல் இரண்டு மடங்கு விழுந்திருக்கிறது. செய்தித்தாளில் "சராசரி 5.1% ஏற்றம்" என்று படித்துவிட்டு நிம்மதியாக இருந்தவருக்கு, பில்லைப் பார்த்ததும் ஏன் தலை சுற்றியது என்பது இதில் இருக்கிறது.

இதோடு முடியவில்லை. நிறையப் பேர் ஐந்து வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டுகிறார்கள், அதற்கு ஒரு சலுகை உண்டு. ஐந்து வருஷத்துக்குக் கட்டினால் ஐந்து மடங்கு இல்லை, 2018 வரைக்கும் 4.45 மடங்கு கட்டினால் போதும். 2019-ல் இதை 4.60 ஆக்கினார்கள், 2021-ல் 4.65, 2022-ல் 4.70. வட்டி விகிதம் அடிமட்டத்தில் கிடந்த காலத்தில் முன்பணமாக வாங்கும் பிரீமியத்தில் பெரிதாக வருமானம் வராது, அதனால் சலுகையும் சுருங்கியது. இந்த மாற்றம் "சராசரி ஏற்றம்" என்ற தலைப்பில் தெரியாது, பில்லில் மட்டும் தெரியும்.

மேலே சொன்ன அதே வீட்டுக்காரர் 2016 டிசம்பரில் ஐந்து வருஷ பாலிசி எடுத்திருந்தால் கட்டியது 20,200 பெருக்கல் 4.45, அதாவது 89,890 யென். ஒரு மாதம் தள்ளி 2017 ஜனவரியில் எடுத்தவர் கட்டியது 1,00,125. பத்தாயிரம் யென் வித்தியாசம். முதலாமவருக்கு 2019 ஏற்றமும் 2021 ஏற்றமும் நடந்ததே தெரியாது, ஏனென்றால் ஓடிக்கொண்டிருக்கும் பாலிசியில் கட்டணம் மாறாது, புதிய விகிதம் அந்தத் தேதிக்குப் பிறகு தொடங்கும் ஒப்பந்தத்துக்கு மட்டும்தான். 2021 டிசம்பரில் பாலிசி முடிந்து புதுப்பிக்கும்போது 27,500 பெருக்கல் 4.65, அதாவது 1,27,875 யென். மூன்று தனித்தனி மாற்றங்களும் ஒரே நாளில் மொத்தமாக வந்து விழுகின்றன, 42% ஏற்றம். அவர் "போன முறை கட்டியதைவிட இவ்வளவா?" என்று ஏஜென்ட்டிடம் கேட்டால் அதில் தவறே இல்லை, அதே சமயம் ஏஜென்ட் "இந்த வருஷம் 5.1% தான் ஏறியது" என்று சொன்னால் அதுவும் பொய் இல்லை. இருவரும் வேறு வேறு கடிகாரத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள்.

2022: இழப்பீடு கொடுத்தும் சராசரி இறங்கியது

2021 பிப்ரவரி 13-ல் ஃபுகுஷிமா கடல்பகுதியில் நிலநடுக்கம். 2022 மார்ச் 16-ல் அதே பகுதியில் இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் சுமார் 25,000 கோடி யென் அளவில் இழப்பீடு போனது. ஆனால் 2022 அக்டோபரில் வந்த மாற்றத்தில் நாட்டுச் சராசரி 0.7% குறைந்தது.

கொடுக்கும் இழப்பீடும் கட்டணக் கணக்கும் எவ்வளவு தனித்தனி என்பதற்கு இதுதான் மிக வலுவான உதாரணம். அந்த விகிதத்தை 2021 மே மாதத்திலேயே தாக்கல் செய்துவிட்டார்கள். புதிய நிலநடுக்கத் தரவுகள் சேர்ந்தன. 1981-க்குப் பிந்தைய புதிய கட்டட விதிகளின்படி கட்டிய, நடுக்கத்தைத் தாங்கும் வீடுகளின் பங்கு வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போவதும் கணக்கில் சேர்ந்தது. ஃபுகுஷிமாவில் போன பணம் அந்தக் கணக்கில் ஏறவில்லை, ஏற வேண்டிய அவசியமும் இல்லை.

சராசரி குறைந்தது என்று சொன்னேன், உள்ளே போய்ப் பார்த்தால் நாடு இரண்டாகப் பிரிந்திருக்கிறது. ஓயித்தா மாகாணத்தில் மர வீட்டுக்கு 21,200 யென் 11,200 ஆனது, 47.2% இறக்கம், இருப்பதிலேயே அதிகமான இறக்கம் அது. அதே நாளில் இபராகி, சைதாமா, தொகுஷிமா, கோச்சி நான்கிலும் கான்கிரீட் வீட்டுக்கு 29.9% ஏற்றம். சைதாமா டோக்கியோவை ஒட்டியே இருக்கிறது, நிறையப் பேர் அங்கே வீடு வாங்கி டோக்கியோவுக்கு வேலைக்குப் போகிறார்கள், நம் ஊர்க்காரர்களும் அதில் உண்டு. அங்கே கான்கிரீட் வீட்டுக்கு 20,400 யென் 26,500 ஆனது. டோக்கியோவின் 27,500 வரைக்கும் ஏன் போகவில்லை என்றால், 30 சதவீத வரம்பில் முட்டி நின்றுவிட்டது. மர வீட்டில் அந்தத் தடை வரவில்லை, டோக்கியோவுக்கு இணையாக 41,100-ஐ எட்டிவிட்டது. ஆக, சைதாமா கான்கிரீட் வீட்டில் இருப்பவர்கள் அடுத்த மாற்றத்தில் இன்னும் கொஞ்சம் ஏற வாய்ப்பு இருக்கிறது என்று இப்போதே வைத்துக்கொள்வது நல்லது.

ஐந்து வருஷக் கணக்கில் பார்த்தால், சைதாமாவில் 2022 செப்டம்பரில் தொடங்கிய பாலிசிக்கு 94,860 யென், அக்டோபரில் தொடங்கியதற்கு 1,24,550. ஒரே வாரத்தில் முப்பதாயிரம் யென் வித்தியாசம். அந்தச் செப்டம்பரில் ஏஜென்ட் அலுவலகங்களில் எவ்வளவு கூட்டம் இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வேறு ஊர்களில்

ஒப்பிட நியூசிலாந்தைச் சொல்லலாம், அங்கே நேர் எதிர். அரசின் நிலநடுக்க ஆணையம் வசூலித்த தீர்வை நூறு டாலருக்கு 5 சென்ட் என்று பல பத்தாண்டுகளாக அப்படியே கிடந்தது. 2010, 2011-ல் கிறைஸ்ட்சர்ச் நிலநடுக்கங்கள் வந்து பணம் கரைந்த பிறகு, 2012 பிப்ரவரியில் ஒரேயடியாக 15 சென்ட். மும்மடங்கு. 2017-ல் 20 சென்ட். வருஷா வருஷம் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அது பாடம். கலிஃபோர்னியாவில் 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்துக்குப் பிறகு 1996-ல் உருவான நிலநடுக்க ஆணையம், விகிதத்தை மாற்ற வேண்டும் என்றால் மாநிலக் காப்பீட்டு ஆணையரின் முன் அனுமதி வாங்க வேண்டும். இந்த மூன்றில் ஜப்பானின் ஏற்பாடுதான் நிதானமானது என்று எனக்குத் தோன்றுகிறது.

பாலிசி வைத்திருப்பவர்கள் பார்க்க வேண்டியது

தாக்கல் செய்த நாளுக்கும் நடைமுறைக்கு வரும் நாளுக்கும் இடையில் ஒவ்வொரு முறையும் ஒரு வருஷத்துக்கு மேல் இடைவெளி இருந்திருக்கிறது. 2013 மார்ச்சில் தாக்கல், 2014 ஜூலையில் நடைமுறை. 2015 செப்டம்பரில் தாக்கல், 2017 ஜனவரியில் நடைமுறை. 2019 மே, 2021 ஜனவரி. 2021 மே, 2022 அக்டோபர். பதினாறு மாதத்திலிருந்து இருபது மாதம். அதாவது ஏற்றமோ இறக்கமோ, செய்தி முன்கூட்டியே பகிரங்கமாகி விடுகிறது. நாம்தான் அதைக் கவனிப்பதில்லை. செய்தி வந்த உடனே செய்ய வேண்டியது, நம் மாகாணத்துக்கும் நம் கட்டட வகைக்கும் என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான். நாட்டுச் சராசரியைப் பார்த்துப் பயனில்லை. ஏறப் போகிறது என்றால், நடைமுறைத் தேதிக்கு முன்னாலேயே இருக்கும் பாலிசியை முடித்துவிட்டுப் புதிதாக ஐந்து வருஷத்துக்கு எடுத்தால் லாபமா என்று ஏஜென்ட்டிடம் எழுத்தில் கணக்குக் கேட்கலாம். எல்லாருக்கும் லாபமாக வராது, மீதமிருக்கும் காலத்தைப் பொறுத்தது. இறங்கப் போகிற மாகாணம் என்றால் நேர்மாறாக, இப்போதைக்கு ஒரு வருஷ பாலிசி எடுத்து அடுத்த வருஷம் நீண்ட காலத்துக்கு மாறலாம்.

தள்ளுபடியைப் பலர் தவறவிடுகிறார்கள், இதை அழுத்திச் சொல்ல வேண்டும். 1981 ஜூன் 1-க்குப் பிறகு கட்டிய வீடு என்றால் 10%, தாங்குதிறன் இரண்டாம் தரம் என்றால் 30%, மூன்றாம் தரம் என்றால் 50%. ஒன்றுதான் கிடைக்கும், சேர்த்துக் கிடைக்காது. அதற்கான சான்றிதழை நாம்தான் கொடுக்க வேண்டும், கேட்காமல் கம்பெனி தானாகக் குறைக்காது. பதினோரு வருஷமாக டோக்கியோ கான்கிரீட் வீட்டுக்கு ஏறிய அத்தனையையும் மூன்றாம் தரச் சான்றிதழ் ஒன்றே திருப்பிக் கொடுத்துவிடும்: 27,500-ல் பாதி 13,750, 2014-க்கு முந்தைய முழுக் கட்டணத்தைவிடக் குறைவு.

டோக்கியோவில் இந்தியர்கள் நிறைய இருக்கும் நிஷி கசாய் பக்கம் வாடகை வீட்டில் இருக்கும் நம்மவர்களுக்கு இது வேறு மாதிரி. வாடகை ஒப்பந்தத்தோடு ஒரு தீக் காப்பீடு எடுக்கச் சொல்வார்கள், பெரும்பாலும் இரண்டு வருஷத்துக்கு. அதில் நிலநடுக்கம் தானாக வராது. வீட்டுச் சாமான்களுக்கு மட்டும் தனியாகச் சேர்க்க வேண்டும், அதுவும் தீக் காப்பீட்டுத் தொகையில் 30 முதல் 50 சதவீதம் வரைக்கும்தான். சாமான்களில் பத்தில் ஒரு பங்காவது சேதமானால்தான் ஏதாவது கிடைக்கும், அந்த முதல் படியில் கிடைப்பது காப்பீட்டுத் தொகையில் 5%. சேதம் 30 சதவீதத்தைத் தொட்டால் தொகையில் 30%, 60-ஐத் தொட்டால் 60%, 80-ஐத் தொட்டால் முழுத் தொகை. பணம், கார், 3 லட்சம் யென்னுக்கு மேல் விலையுள்ள நகை இதில் சேராது. தங்கத்தை ஊரிலிருந்து கொண்டுவந்து அலமாரியில் வைத்திருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நடுக்கத்துக்குப் பிறகு உடனே துடைத்துப் பெருக்கிவிடாமல், விழுந்த அலமாரி, உடைந்த பாத்திரம், டிவி, எல்லாவற்றையும் விழுந்த இடத்திலேயே படம் எடுத்து வையுங்கள். பாத்திரம், மின்சாதனம், மரச்சாமான், துணிமணி, சொந்த உபயோகப் பொருள் என்று வகை வகையாகத்தான் மதிப்பீட்டாளர் எண்ணுவார், எந்த வகையில் எத்தனை உருப்படி போனது என்பதே கணக்கு, விலை இல்லை.